குழந்தைப் புற்றுநோய்ப் பயிற்சிக்குப் போகிற டாக்டர்கள் கவனத்துக்கு

பயிற்சி முடிந்து திரும்பிவிட்டேன், ஆனால் அதற்கு அனுமதி வாங்க அலைந்த எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவராக இருந்துகொண்டு இதற்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் கீமோ (புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து) எழுதப் போவதில்லை. நோயைச் சந்தேகப்பட்டுச் சீக்கிரம் அனுப்புவது, கீமோ நடக்கும்போது ஊருக்கு வந்த பிள்ளை காய்ச்சலில் விழுந்தால் கையாள்வது, இந்த இரண்டுக்கும்தான் பயிற்சி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய் வார்டில் சில வாரம் இருக்க வேண்டும். இடம் கிடைத்தது மெயிலில் வந்தது. அங்கேதான் ஆரம்பித்தது.

"மெயிலெல்லாம் செல்லாது மேடம், சீல் வெச்சு, இங்க்ல கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும்" என்றார் செக்‌ஷன் கிளார்க். அதைத் தபாலில் வரவழைத்துக் கொடுத்தால், "நீங்க இல்லாதப்போ யார் பார்ப்பாங்கன்னு எழுதலையே?" எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர் நான் ஒருத்திதான். பக்கத்து ஊர் நண்பரிடம் கெஞ்சி ஒப்புதல் கடிதம் வாங்கினால், அவருடைய சூப்பரின்டென்டென்ட்டும் கையெழுத்துப் போட வேண்டுமாம். இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

ஃபைலை நகர்த்தியது கடைசியில் ஒரு பத்திதான். எங்கள் சூப்பரின்டென்டென்ட், "நம்ம ஊர்ல இது எத்தனை கேஸ்மா வரப்போகுது?" என்று கேட்டார். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது, பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை, 2030-க்குள் இதை 60 சதவீதமாக்க உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே இலக்கு வைத்திருக்கிறது என்று சொன்னேன். "இதையே எழுதிக் கொடு" என்றார். அதற்குப் பிறகு ஃபைல் எங்கேயும் நிற்கவில்லை. நீங்கள் முதல் கடிதத்திலேயே இதை எழுதிவிடுங்கள். அழைப்புக் கடிதம் உங்கள் சூப்பரின்டென்டென்ட் பெயருக்கு, தேதிகளோடு, சீலோடு வரும்படியும் கேட்டு வாங்குங்கள்.

வகுப்புகள் நன்றாகவே நடந்தன. ஆனால் வகுப்பை விட்டாலும் வார்டை விடாதீர்கள். மூட்டுவலி என்று எங்கேயோ ஸ்டீராய்டு போட்டு, வலி குறைந்து, மறுபடி வெளுத்துப்போய் வந்த ஒரு பையனை அங்கே பார்த்தேன். ரத்தப் புற்றுநோய் செல்களை ஸ்டீராய்டு தற்காலிகமாக அடக்கிவிடும், அப்புறம் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தாலும் தெளிவாகத் தெரியாது, நோயைக் கண்டுபிடிப்பதே தள்ளிப்போகும். ராத்திரியில் எழுப்புகிற கால்வலி, வெளுப்பு, விடாத காய்ச்சல், பிளேட்லெட் குறைவு, இதில் எது இருந்தாலும் ஸ்மியர் (ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பார்க்காமல் ஸ்டீராய்டைத் தொடவே கூடாது. ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது என்று அம்மா சொன்னால், சிரித்துவிட்டு அனுப்பாதீர்கள், கண் புற்றுநோயாக இருக்கலாம். காலையில் தலைவலியோடு வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு வாந்தி மருந்து மட்டும் எழுதிக்கொண்டே இருக்காதீர்கள், மூளைக் கட்டியாக இருக்கலாம்.

ஊர் திரும்பியதும் அடுத்த கூத்து. கீமோவில் எதிர்ப்புச் சக்தி விழுந்திருக்கும், அதனால் கீமோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். கல்ச்சருக்கு (கிருமிப் பரிசோதனைக்கு) ரத்தம் எடுத்ததும் போட்டுவிட வேண்டும், ரத்த எண்ணிக்கை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆனால் எங்கள் ஸ்டோரில், நோயாளி பெயர் இல்லாமல் அந்த மருந்தை வெளியே கொடுக்க மாட்டார்கள், ராத்திரி சாவி வேறொருவர் கையில். ஆடிட் வந்தால் யார் பதில் சொல்வது என்பதுதான் ஃபார்மசிஸ்ட்டின் கேள்வி. நியாயம்தான், ஆனால் காய்ச்சலுக்கு ஆடிட் தெரியுமா? தலைமை நர்ஸும் நானும் உட்கார்ந்து ஒரு பதிவேடு போட்டோம்: கேஷுவால்டி டிரேயில் இரண்டே டோஸ், பயன்படுத்தியதும் பெயர் எழுதி மறுநாள் காலையில் நிரப்ப வேண்டும். சூப்பரின்டென்டென்ட் கையெழுத்துப் போட்டார். போன மாதம் நடுராத்திரியில் வந்த ஒரு குழந்தைக்கு, நான் வீட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் டியூட்டி நர்ஸ் மருந்தை ஏற்றி முடித்திருந்தார். இந்த முழுக் கதையிலும் எனக்குப் பெருமை அந்த ஒன்றில்தான்.

டிரே வைக்கும்போது சுவரில் ஒரு தாளும் ஒட்டுங்கள்: இந்தப் பிள்ளைகளுக்கு இடுப்பூசி வேண்டாம், ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால் வேண்டாம், அந்த வழியாகக் காய்ச்சல் பார்ப்பதும் வேண்டாம், ரத்தக்கசிவோ கிருமித் தொற்றோ வந்துவிடும். பழக்க தோஷத்தில் யாராவது செய்துவிடுவார்கள்.

காப்பீடு பற்றியும் ஒன்று. பாதியில் சிகிச்சையை விட்டுப்போவதற்குப் பணமும் அலைச்சலும் பெரிய காரணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாத குடும்பம் என்றால், ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கேட்பார்கள் என்று ரெஃபரல் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். அதற்காகப் பயணத்தை நிறுத்த வேண்டாம், அம்மா பிள்ளையோடு கிளம்பட்டும், அப்பா சான்றுக்கு அலையட்டும். கிளம்புவதற்கு முன்னால் அந்தப் புற்றுநோய் வார்டின் நேரடி நம்பருக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். பயிற்சி முடிகிற நாளில் சான்றிதழோடு சேர்த்து அந்த நம்பரையும் வாங்காமல் பஸ் ஏறாதீர்கள், பொது நம்பருக்கு அடித்தால் யாரும் எடுப்பதில்லை.