சீசர் 3-ல் தீயும் வீடும்: ஒரு பாலைவன ஊரைக் கட்டிப் பார்த்த அனுபவம்

சீசர் 3 என்ற கணினி விளையாட்டில் மூன்று இரவு உட்கார்ந்து கட்டிய தெற்குத் தெரு அந்தச் சனிக்கிழமை பத்து நிமிடத்தில் எரிந்து முடிந்தது. இருபத்தெட்டு வீடு, ஒரு சந்தை, ஒரு கோயில் போயின. இத்தனைக்கும் அந்தத் தெருவைச் சுற்றி ஐந்து பிரிஃபெக்சர், அதாவது தீக்காவல் நிலையம், வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் ஆறு பேர் முழுதாக வேலையில் இருந்தார்கள். பிறகு எப்படி எரிந்தது? அந்தக் கேள்வி என்னை இரண்டு வாரம் விடவில்லை. கண்டதையெல்லாம் எழுதி வைக்கிறேன், இதே இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

ஆடிப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சீசர் 3 என்பது 1998-ல் இம்ப்ரெஷன்ஸ் உருவாக்கி சியரா வெளியிட்ட விளையாட்டு. ரோமப் பேரரசின் ஏதோ ஒரு மாகாணத்தில் வெறும் நிலத்தைக் கொடுப்பார்கள், அதில் ஊர் கட்ட வேண்டும். நான் இப்போது ஆடுவது அகஸ்டஸ் வழியாக. பழைய எஞ்சினைத் தன்னார்வலர்கள் ஜூலியஸ் என்ற பெயரில் திறந்த மூல நிரலாகத் திரும்ப எழுதினார்கள். அகஸ்டஸ் அதிலிருந்து கிளைத்தது. அசல் விளையாட்டின் கோப்புகள் நம்மிடம் இருந்தால் போதும், பெரிய திரையிலும் அழகாக ஓடும். நான் எடுத்தது ஒரு பாலைவன வரைபடம். பாலைவனத்தில் தீ சீக்கிரம் பிடிக்கும் என்று தெரிந்தேதான் எடுத்தேன்.

இந்த விளையாட்டில் வீட்டை நாம் கட்டுவதில்லை. சாலையிலிருந்து இரண்டு கட்டத்துக்குள் மனையை ஒதுக்கிவிட்டால், தள்ளுவண்டியோடு ஆட்கள் வந்து கூடாரம் போட்டுக் குடியேறுவார்கள். அதற்குப் பிறகு அந்த வீடு வளர்வதும் தேய்வதும் அந்தத் தெருவுக்கு எது வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. கிணறு இருந்தால் பெரிய கூடாரம். சந்தைக்காரி உணவோடு தெருவில் நடந்து வந்தால் குடிசை. கோயில் பூசாரி வந்து போனால் பெரிய குடிசை. அதற்கு மேல் போக ஃபவுண்டன், அதாவது பொது நீரூற்றின் தண்ணீர் வேண்டும், அப்போதுதான் குடிசைக்கு அடுத்த படியான ஹவல் ஆகும். அங்கிருந்து காசா, இன்சுலா, வில்லா, அரண்மனை என்று மொத்தம் இருபது படி.

தீயைத் தடுப்பது பிரிஃபெக்ட் என்ற காவலரின் வேலை. அவர் நிலையமான பிரிஃபெக்சருக்கு விளையாட்டுக் காசில் 30 டினாரி. ஆள் சேர்ந்ததும் உள்ளிருந்து ஒருவர் கிளம்பி ரோந்து போவார். எங்காவது எரிந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், தண்ணீரை வீசுவார். நானும் அவரை அந்த வாளிக்காரராக மட்டுமே நினைத்து வைத்திருந்தேன். எரிந்தால் அணைக்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆகவே ஐந்து பிரிஃபெக்சர். கணக்கு சரியாகத்தான் பட்டது.

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான், ஏழாவது படிக்கிறான். எரிந்த தெருவைத் துடைத்துவிட்டு முன்பு சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்து அதே தெருவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவன் கேட்டான்:

"மாமா, அந்த ஆளு ஏன் தெருவுக்குள்ள வராமலே திரும்பிப் போறான்?"

"எந்த ஆளுடா?"

"அதோ, சிவப்புத் துணி. மூணு வாட்டி வந்துட்டான் மாமா. மூணு வாட்டியும் அந்த முக்குலயே வலது பக்கம் திரும்பிட்டான்."

வேகத்தைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்து, ஒரே ஒரு பிரிஃபெக்ட்டின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். கதவிலிருந்து கிளம்புகிறார். ஆறாவது கட்டத்தில் ஒரு முச்சந்தி. தெற்கே போனால் வீடுகள், கிழக்கே போனால் களஞ்சியம். கிழக்கே போனார். களஞ்சியத்தைத் தாண்டி, வயலைத் தாண்டி, ஒரு வீடுகூட இல்லாத நீளச் சாலையில் நாற்பது கட்டம் போல நடந்துவிட்டு, வந்த வழியே வீடு திரும்பினார். அடுத்த முறை வடக்கே கிளம்பினார். அதற்கடுத்த முறை முச்சந்திவரை வந்து மறுபடி கிழக்கே. பையன் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். பன்னிரண்டு ரோந்தில் தெற்குத் தெருவுக்குள் வந்தது இரண்டே முறை. மற்ற நான்கு பிரிஃபெக்சரும் அதே முச்சந்தியின் மறுபக்கத்தில்தான் இருந்தன.

ஜூலியஸ் நிரல் யாரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது என்பதால் அன்றிரவே அதில் தேடினேன். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தீ அபாயம் என்று ஒரு எண் இருக்கிறது. சீரான இடைவெளியில் இல்லாமல், விட்டு விட்டு அது ஏறும். கூடாரம், குடிசை என்றால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 10. ஹவல் முதல் கிராண்ட் இன்சுலா வரை 5. வில்லாவும் அதற்கு மேலும் என்றால் 2. பாலைவனம் என்றால் எல்லாவற்றோடும் இன்னொரு 3. எண் 100-ஐத் தாண்டியதும் தீ. பிரிஃபெக்ட் இரண்டு கட்டத் தொலைவுக்குள் நடந்து போனால் அந்த எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். அவர் எதையும் அணைக்கத் தேவையில்லை. நடந்து போனாலே போதும்.

இதைப் படித்ததும் என் பார்வையே திரும்பிவிட்டது. பிரிஃபெக்ட்டின் முக்கிய வேலை வாளியில் இல்லை, காலில் இருக்கிறது. அவர் கால் படாத தெருவில் எத்தனை பேரைப் பக்கத்தில் நிறுத்தினாலும் அபாயம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

உண்மையான ரோமிலும் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். கி.பி. 6-ல் அகஸ்டஸ் பேரரசர் விஜிலெஸ் என்ற இரவுக்காவல் படையை அமைத்தார். ஏழு பிரிவு, நகரத்தில் பதினான்கு வட்டாரம், ஒரு பிரிவுக்கு இரண்டு வட்டாரம். அந்தப் படையின் தலைவர்தான் பிரிஃபெக்ட். அவர் இரவு முழுக்க விழித்திருந்து, காலணி போட்டுக்கொண்டு, வாளியும் கோடரியுமாகச் சுற்றி வர வேண்டும் என்று ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. மாடியில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும் என்று எச்சரிப்பதும் அவர் கடமை. காலணியைச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். காவலின் உயிர் நடையில்தான் இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் ஊரையே கலைத்துவிட்டு வேறு மாதிரி போட்டேன். சந்தியே இல்லாத ஒரு வளையச் சாலை, வெளிப்புற அளவு பதினான்குக்கு எட்டு. சுற்றி எண்ணினால் சரியாக நாற்பது கட்டம், பிரிஃபெக்ட் ஒரே ரோந்தில் முழுவதையும் சுற்றிவிடுவார். வளையத்துக்கு உள்ளே விளிம்பை ஒட்டி இரண்டுக்கு இரண்டு மனைகளாகப் பதினான்கு வீடு. நடுவில் மிஞ்சும் எட்டுக்கு இரண்டு பட்டையில் இரண்டு ஃபவுண்டன், மீதி தோட்டம். சந்தை, கோயில், பள்ளிக்கூடம், பொறியாளர் நிலையம் எல்லாம் வளையத்துக்கு வெளிப்பக்கம். எதிரெதிராக இரண்டு பிரிஃபெக்சர், அவ்வளவுதான். களஞ்சியத்துக்குப் போகும் ஒரே இணைப்புச் சாலையில் ஒரு ரோட்பிளாக். சுற்றித் திரிகிறவர்கள் அங்கே திரும்பிவிடுவார்கள். போக வேண்டிய இடம் முடிவாகிக் கிளம்புகிறவர்கள், அதாவது வண்டிக்காரர்கள், குடியேற வருகிறவர்கள், சரக்கெடுக்கப் போகும் சந்தைக்காரி, எல்லாரும் தாராளமாகக் கடப்பார்கள். ரோட்பிளாக் அசல் சீசர் 3-ல் கிடையாது, அகஸ்டஸ் கொடுத்த வசதி. எனக்கு இது பெரிய வரம்.

முதல் இரண்டு ஆண்டு, விளையாட்டுக் கணக்கில்தான், ஒரு தீ இல்லை. எஃப் பொத்தானை அழுத்தினால் தீ அபாயம் தூண் தூணாகத் தெரியும். பிரிஃபெக்ட் நடக்க நடக்க அவருக்குப் பின்னால் தூண்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதைப் பார்க்கும்போது வருகிற நிம்மதியைச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

இங்கே இன்னொரு விஷயமும் பிடிபட்டது. குடிசைக்குப் பாலைவனத்தில் ஒரு ஏற்றத்துக்கு 13, எட்டே ஏற்றத்தில் தீ. ஹவல் ஆகிவிட்டால் 8, பதின்மூன்று ஏற்றம் தாங்கும். வில்லா என்றால் 5 வீதம் இருபத்தொரு ஏற்றம். அதாவது வீட்டை ஒரு படி ஏற்றுவதே தீத்தடுப்பு. குடிசையை ஹவல் ஆக்குவது எது? ஃபவுண்டன். விளையாட்டில் பிரிஃபெக்ட்டின் வாளிக்கும் நம் குழாய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை, கிணறே இல்லாத ஊரிலும் அவர் வாளி நிரம்பியிருக்கும். ஆனாலும் நீர்த்தேக்கமும் ஆக்விடக்ட் என்ற நீர்க்கால்வாயும் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தால் குடிசைகளின் தீ அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்குகிறது, வீட்டின் வழியாக. இப்போதெல்லாம் புது வளையம் போட்டால் ஃபவுண்டனுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் மனை ஒதுக்குகிறேன். காசு இறுக்கமாக இருந்தாலும் இந்த வரிசையை மாற்றுவதில்லை.

பதினான்கு வீடும் லார்ஜ் இன்சுலா ஆன அன்று ஒரு வீட்டுக்கு 84 பேர் வீதம் ஒரே வளையத்தில் 1,176 பேர். இன்சுலா என்றால் ரோமின் அடுக்குமாடிக் குடியிருப்பு. உண்மையில் அவை எளிதில் எரிகிறவை. மரச்சட்டத்துக்கு நடுவே மண்ணும் கல்லும் அடைத்துக் கட்டும் மெலிந்த சுவரைப் பற்றி, தீப்பந்தம் போல எரியத் தயாராக நிற்பது என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் வருந்தியிருக்கிறார். அப்படிச் சுவர் வைத்த ஒரு வீடு ஹெர்குலேனியம் என்ற பழைய ரோமானிய ஊரில் இன்றும் நிற்கிறது. கட்டட உயரம் எழுபது அடிக்கு மேல் போகக்கூடாது என்று அகஸ்டஸ் பேரரசர் விதித்தார், பிறகு வந்த பேரரசர் டிராஜன் அதை அறுபதாகக் குறைத்தார். கி.பி. 64 ஜூலையில் ரோமில் பிடித்த பெருந்தீயில் பதினான்கு வட்டாரத்தில் நான்குதான் முழுதாகத் தப்பின. மூன்று தரைமட்டம். அதற்குப் பிறகு பேரரசர் நீரோ வைத்த கட்டட விதிகளில் அகலமான தெரு, பொதுச் சுவர் கூடாது, பொதுத் தண்ணீரைத் தனியார் வழிமறிக்கக் கூடாது என்பவை இருந்தன. எரிந்த தெற்குத் தெருவில் நான் வீடுகளை ஒட்டி ஒட்டி இரட்டை வரிசையாக அடுக்கியிருந்தேன். இடைவெளியே இல்லை. ஒன்று பிடித்ததும் பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு என்று தாவியதற்கு அதுவும் காரணம்.

இரண்டாவது பெரிய தீ எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. மேற்கு வளையத்துக்கு ஒயின் போய்ச் சேர ஆரம்பித்திருந்தது. ஒயின் கிடைத்தால் இன்சுலா வில்லாவாகும். ஆறு வீடு ஒன்றன்பின் ஒன்றாக வில்லா ஆனதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். வில்லாக்காரர்கள் வேலைக்குப் போகமாட்டார்கள், அவர்கள் செல்வந்தர்கள். அதுவரை உழைத்துக்கொண்டிருந்த ஆறு இன்சுலாவின் ஆட்கள் ஒரே ஆண்டில் வேலைப் பட்டியலிலிருந்து மறைந்தார்கள். ஊர் முழுக்க ஆள் பற்றாக்குறை. ஆறு பேர் இருக்க வேண்டிய பிரிஃபெக்சரில் இரண்டு பேர். ஆள் குறைந்தால் ஒரு ரோந்துக்கும் அடுத்த ரோந்துக்கும் இடைவெளி நீளும். குயவர் பட்டறைகள் இருந்த வரிசையில் முதல் தீ, அங்கிருந்து கிடங்கு. மட்பாண்டம் நின்றது, வீடுகள் இறங்கத் தொடங்கின.

நிறுத்தி வைத்துவிட்டுத் தொழிலாளர் ஆலோசகரைத் திறந்தேன். அங்கே எந்தத் துறைக்கு முதலில் ஆள் என்று முன்னுரிமை கொடுக்கலாம். பிரிஃபெக்சருக்கு 1, தண்ணீருக்கு 2, உணவுக்கு 3. இத்தனை நாள் அந்தப் பக்கத்தைத் தொட்டதே இல்லை. மற்ற வளையத்துச் சந்தைகளில் ஒயின் வாங்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன், அகஸ்டஸில் அந்த வசதியும் உண்டு. எட்டு மாதத்தில் ஊர் நிமிர்ந்தது. இனி எந்த ஊர் தொடங்கினாலும் முதல் மாதத்திலேயே அந்த 1, 2, 3 போட்டுவிடுவேன். ஆள் உபரியாக இருக்கும்போது அது எதையும் மாற்றாது. பற்றாக்குறை வரும் நாளில் அதுதான் ஊரைப் பிடித்து வைத்திருக்கும்.

பட்டறைகளும் கிடங்குகளும் இருக்கும் வரிசை இன்னும் எனக்குத் திருப்தியாக இல்லை. அங்கே வளையம் சரிப்படவில்லை, களிமண் குழியிலிருந்து வண்டிகள் சுற்றிச் சுற்றி வந்து நேரம் வீணாகிறது. இப்போதைக்கு நேர்ச்சாலை ஒன்று போட்டு, இரண்டு முனையிலும் ரோட்பிளாக் வைத்து, நடுவில் ஒரு பிரிஃபெக்சர் வைத்திருக்கிறேன். பக்கத்தில் வீடு இல்லாவிட்டால் அதற்கு ஆள் சேராது என்பதால், அந்தச் சாலை ஓரம் நான்கு மனை மட்டும் விட்டிருக்கிறேன். அவை குடிசையாகவே இருக்கும், அபாயம் அங்கேதான் அதிகம், ஆனால் பிரிஃபெக்ட் வாசலிலேயே இருப்பதால் எண் இருபதைத் தாண்டி நான் பார்க்கவில்லை.

அக்கா மகன் ஊருக்குப் போய்விட்டான். நேற்று ராத்திரி போனில் முதலில் கேட்டதே, "மாமா, அந்த முக்குல இப்ப எந்தப் பக்கம் திரும்புறான்?" என்றுதான். முக்கே இல்லடா இப்ப, வட்டமா போட்டுட்டேன் என்றேன். படம் எடுத்து அனுப்பச் சொன்னான். எஃப் அழுத்தி, மேற்கு வளையத்தில் தூண் ஒன்றுகூட இல்லாத ஒரு நொடியைப் பிடித்து அனுப்பியிருக்கிறேன்.