டெடெஸ்கோ குறிப்புகள்

ஜூன் 4

இந்த வாரம் முழுக்க அமெரிக்க ஸ்டுடியோ கிட்டார் கலைஞர் டாமி டெடெஸ்கோ. பொனான்ஸா டிவி தொடரின் முகப்பு இசையில் குதிரை வேகத்தில் ஓடும் கிட்டார் அவருடையது. மாஷ் டிவி தொடரின் முகப்பில் சோகமாக இழையும் கிட்டாரும் அவருடையதே. அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆள் வாசித்தது என்று நம்ப முடியவில்லை. இந்த மனிதரைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியே ஆக வேண்டும்.

ஜூன் 6

1930இல் நயாகரா ஃபால்ஸ் நகரில் பிறந்தவர். 1950களில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தார். 60களில் அங்கே பிறர் பாட்டுகளுக்குக் கூலிக்கு வாசிக்கும் ஒரு ஸ்டுடியோ வட்டமே இருந்தது. டிரம்ஸ் ஹால் பிளேய்ன், பேஸ் கிட்டார் கேரல் கே, கிட்டார் கிளென் கேம்பல் எல்லாம் அதில்தான். பின்னாளில் 'ரெக்கிங் க்ரூ' என்று பெயர் வாங்கிய கூட்டம் இது. பீச் பாய்ஸ் குழுவின் பாட்டுக்கும் பாடகர் சினாட்ராவின் பாட்டுக்கும் வாசித்தது இவர்கள்தான். அன்றைய இசைத்தட்டு உறைகளில் பெரும்பாலும் இவர்கள் பெயர் கிடையாது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலை மூன்று மணி நேரக் கணக்கு. உட்கார்ந்தவுடன் இசை எழுதிய தாள் வரும். பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா முழுக்கச் சம்பளத்தில் காத்திருக்கும்போது ஒருவர் மட்டும் தடுமாற முடியாது. டெடெஸ்கோவை மறுபடி மறுபடி கூப்பிட்டதற்கு முதல் காரணம் தாளைப் பார்த்தவுடன் வாசிக்கும் இந்தத் திறமைதான் என்று நினைக்கிறேன். விரல் வேகம் அதற்கு அப்புறம்.

ஜூன் 7

மாண்டலின், யுகுலேலே, சிதார் என்று இருபதுக்கும் மேற்பட்ட தந்தி வாத்தியங்களை வாசித்தார். ஆனால் பெரும்பாலும் எல்லாவற்றையும் கிட்டார் மாதிரியே சுருதி கூட்டிக்கொள்வார்!

என் மாண்டலினில் இன்று அதைச் செய்து பார்த்தேன். அதில் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும்; மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் அதன் வழக்கமான சுருதி ஜி, டி, ஏ, இ. கிட்டாரின் மேல் நான்கு கம்பிகள் டி, ஜி, பி, இ. இ கம்பி அப்படியே, ஏ கம்பியை ஒரு முழு ஸ்வரம் ஏற்றினால் பி. ஆனால் டி கம்பியை முறுக்கியே ஜி வரைக்கும் கொண்டுபோனால் அறுந்துவிடும். அதனால் அந்த இடத்தில் இன்னொரு ஏ கம்பியைப் போட்டு ஒரு முழு ஸ்வரம் இறக்கினேன். நான்காவது ஜோடிக்கு டி கம்பி. அப்புறம் பிக்கை (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வேகமாக அதிர வைத்தேன். சின்ன உடல், இரட்டைக் கம்பி, அந்த அதிர்வு: அச்சு அசல் மாண்டலின். விரல்களோ கிட்டாரில் பழகிய இடத்திலேயே!

இதைக் குறுக்கு வழி என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. இசையமைப்பாளர் கேட்பது அந்த வாத்தியத்தின் ஒலி நிறத்தை, அதுவும் உடனே.

ஜூன் 11

கிட்டார் பிளேயர் இதழில் 'ஸ்டுடியோ லாக்' என்ற தொடர் எழுதினார். என்ன வாசித்தார், எப்படிச் சமாளித்தார், எவ்வளவு கிடைத்தது எல்லாம் அதில் இருக்கும். சம்பளத்தைக்கூட மறைக்காத கலைஞர்கள் அபூர்வம். ஒரு வேலையை ஒப்புக்கொள்ள அவர் சொன்ன காரணங்கள் நான்கு: பணம், தொடர்பு, அனுபவம், சந்தோஷம். இதில் ஒன்றாவது இருந்தால் போதும்.

ஜூன் 12

1992இல் பக்கவாதம் வந்தது. கிட்டார் வாழ்க்கை அதோடு முடிந்தது. அடுத்த ஆண்டே சுயசரிதை வெளிவந்தது. 1997இல் புற்றுநோயில் காலமானார். மகன் டென்னி ரெக்கிங் க்ரூ பற்றி எடுத்த ஆவணப்படம் 2008இல் விழாக்களுக்குப் போனாலும், பாட்டு உரிமைகளுக்குப் பணம் திரட்டி முடித்து 2015இல்தான் திரையரங்குக்கு வந்தது. அந்தப் பாட்டுகளில் வாசித்தவர்களைப் பற்றிய படத்துக்கே இந்த நிலை.

நாளைக்கு யுகுலேலே. அதன் நான்கு கம்பிகள் ஏற்கெனவே கிட்டார் இடைவெளியில்தான் இருக்கின்றன, நான்காவது மட்டும் ஒரு ஸ்தாயி மேலே. சீக்கிரம் கைவந்துவிடும்.