எங்கள் சந்தின் அகலம் நாலடி இரண்டு அங்குலம்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். எங்கள் பக்கம் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் குடிதண்ணீர் வரும், அதுவும் ஒன்றரை மணி நேரம். எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு எவர்சில்வர் சொம்போடு வந்து நின்றார்.

"டீச்சரம்மா, இதைக் கொஞ்சம் மோந்து பாரு."

சாக்கடை வாடை. லேசாகத்தான் அடித்தது, ஆனால் சந்தேகமில்லாமல் அதுதான். நாலு நாளாகப் பேரனுக்கு வயிற்றுப்போக்கு என்றார்.

நான் நகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். டெல்டாவில் எங்களுடையது சின்ன ஊர். கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது. எங்கள் பகுதியின் சார்பில் வார்டு குழுவில் நானும் ஒரு உறுப்பினர். 3 லட்சம் பேர் இருக்கிற ஊர்களுக்குத்தான் வார்டு குழு கட்டாயம் என்று 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சொல்கிறது. எங்கள் ஊர் மாதிரி நகராட்சிகளுக்கு அது மாநில அரசின் விதியால் 2022இல்தான் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று எங்கள் பகுதி மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபையின் முதல் கூட்டம் நடந்தபோது பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தோம். குழுவின் கையில் காசு கிடையாது. பார்க்கலாம், கேட்கலாம், தீர்மானம் எழுதலாம், அவ்வளவுதான். அந்தத் தீர்மானத்தை எப்படி எழுத வேண்டும் என்று எனக்குப் புரிய வைத்தது அந்தச் சொம்புத் தண்ணீர்தான்.

அடுத்த முறை தண்ணீர் வந்த அன்றைக்கு மூன்று கண்ணாடி பாட்டில்களை எடுத்து வைத்துக்கொண்டேன். வந்ததும் ஒன்று, பத்து நிமிஷம் கழித்து ஒன்று, அரை மணி கழித்து ஒன்று. பிடித்து ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தேன். வெயில் ஏறியபோது முதல் பாட்டில் வெளிர் மஞ்சளாக, மேலே மெல்லிய படலம் கட்டி நின்றது. இரண்டாவது கொஞ்சம் கலங்கல். மூன்றாவது பளிச்சென்று இருந்தது. தொட்டியிலேயே கெட்ட தண்ணீர் என்றால் மூன்றும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

தண்ணீர் திறந்துவிடும் தம்பியிடம் பாட்டில்களைக் காட்டினேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். பார்த்த உடனே சொன்னான்: "மொதல்ல வர்றது டேங்க் தண்ணி இல்ல டீச்சர். மூணு நாளா குழாய் காலியா கிடக்குதுல்ல, அதுக்குள்ள புகுந்த தண்ணி."

விஷயம் இதுதான். நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியேதான் பீய்ச்சும். திறந்து திறந்து மூடுகிற குழாய் அப்படியல்ல. மூடியதும் உள்ளே அழுத்தம் விழுந்துவிடும், சுற்றி இருக்கிற ஈரம் ஓட்டை வழியாக உள்ளே கசியும். போதாததற்கு வீட்டுக்கு வீடு மோட்டாரை நேரே குழாயில் மாட்டி உறிஞ்சுகிறார்கள். மோட்டார் இழுக்கிற இழுப்புக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது வரும். தம்பி குளோரின் பார்க்கும் பெட்டியைக் கொண்டுவந்தான். சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து, பெட்டியில் இருக்கிற மருந்தில் சில சொட்டு விட்டால், குளோரின் இருக்கிற அளவுக்கு மஞ்சளாகும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது கணக்கு. தொட்டியடியில் நல்ல மஞ்சள் காட்டியது. சந்தின் கடைசி வீட்டில் நிறமே மாறவில்லை. வழியில் கலந்த அழுக்கே குளோரினைத் தின்றுவிட்டிருந்தது.

இரண்டு பேருமாகச் சந்தோரத்து மழைநீர் வாய்க்காலின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கினோம். உள்ளே பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எட்டு வீட்டு இணைப்புக் குழாய்கள், எல்லாம் துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய், வாய்க்காலின் குறுக்கே கறுப்புத் தண்ணீரில் பாதி முங்கிக் கிடந்தன. ஒன்று துருவேறி ஒரு இடத்தில் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. இன்னொன்றில் சைக்கிள் டியூப் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது. பெரியம்மா வீட்டுக் குழாய் அதுதான். எந்தக் காலத்தில் யார் கட்டினார்களோ.

மழைநீர் வாய்க்காலில், ஆடி மாதத்தில், கறுப்புத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சந்து திரும்புகிற முடுக்கில் பாதாளச் சாக்கடையின் மேன்ஹோல் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டு ராத்திரியில் பொங்கி வாய்க்காலுக்குள் வழிந்துகொண்டிருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று நகராட்சி அலுவலகத்தில் கேட்டேன். புகார்ப் பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார்கள். எங்கள் சந்துக்கு நேரே ஒரே வருஷத்தில் மூன்று முறை ஒரே வாசகம்: வண்டி உள்ளே போகாது.

வீட்டில் தையலுக்கு வைத்திருந்த டேப்பை எடுத்துக்கொண்டு போய் நானே அளந்தேன். சர்வே வரைபடத்தில் எங்கள் சந்து ஒன்பதடி நாலு அங்குலம். இரண்டு பக்கமும் வீட்டுப் படிகள் நீட்டியிருக்கிற இடத்தில், மிகக் குறுகலான இடம் நாலடி இரண்டு அங்குலம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை எடுக்கிற ஜெட் ராடிங் வண்டியில், குட்டி யானையில் பொருத்திய சின்னதுக்கே ஐந்தடி வேண்டும்.

படிகளை நீட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் சாயங்காலம் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டபோது வேறு கதை கிடைத்தது. இந்தச் சந்துக்கு மூன்று முறை சிமெண்ட் ரோடு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பழையதைப் பெயர்க்காமல் அதன் மேலேயே அரையடி. வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்தது. வீட்டைத் திருப்பிக் கட்டினவர்கள், அடுத்து வரப்போகிற இரண்டு ரோட்டுக்கும் சேர்த்துத் தரையை உயர்த்திக் கட்டினார்கள். தரை உயர்ந்தால் படி கூடும், படி கூடினால் சந்துக்குள்தான் நீளும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021இல் தலைமைச் செயலரே எல்லோருக்கும் எழுதினார். எங்கள் சந்துக்கு அது வந்து சேர்வதற்குள் மூன்று அடுக்கு ஏறிவிட்டது.

ரோடு ஏறியதால் படி நீண்டது. படி நீண்டதால் வண்டி வரவில்லை. வண்டி வராததால் சாக்கடை பொங்கி, பொங்கியது வாய்க்காலில் தேங்கி, வாய்க்காலில் கிடந்த குழாய்க்குள் போய், பெரியம்மாவின் பேரன் குடித்தான். ஆனால் நகராட்சியில் தண்ணீரும் ரோடும் பொறியியல் பிரிவில் இரண்டு வேறு கோப்பு, சாக்கடைப் புகார் சுகாதாரப் பிரிவு, படி ஆக்கிரமிப்பு நகரமைப்புப் பிரிவு. ஒருவர் மேசையிலிருந்து பார்த்தால் அடுத்தவர் மேசை தெரியாது. ஒரு சந்துக்குள் இருக்கிற எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கிற இடம் வார்டு குழு ஒன்றுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

புரட்டாசியில் குழு கூடியது. கவுன்சிலர் தலைமை. நாலு பகுதி உறுப்பினர்கள், உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், தூய்மைப் பணி மேற்பார்வையாளர் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் மூன்று பாட்டிலையும் மேசையில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். பேசி முடிப்பதற்குள் ஒருவர் குறுக்கிட்டார்: "இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு? ராத்திரியில ஒரு ஆளை எறக்கி எடுத்துட்டா முடிஞ்சுது. ஐயாயிரம் ரூவா நாமளே போட்டுக் குடுத்துரலாம்."

கெட்ட மனிதர் இல்லை அவர். தெரு நாற்றம் போக வேண்டும் என்ற அவசரத்தில் சொன்னார். ஆனால் எனக்குக் கை நடுங்கிவிட்டது. சாக்கடைக்குள் இறங்குகிறவரைக் கொல்கிற வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைத்துத்தான் இன்னும் ஒரு படி கீழே இறங்குவார்கள். 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி ஆளை இறக்குவது குற்றம், இரண்டு வருஷம் வரை சிறை. இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. இதெல்லாம் சொன்னேன். அறையை அமைதியாக்கியது நான் சொன்னதில் எதுவும் இல்லை. சுவரோரம் நின்றுகொண்டிருந்த மேற்பார்வையாளர் மெதுவாகச் சொன்னார்: "எங்க சித்தப்பா அப்படித்தான் போனாரு சார். மூவாயிரம் ரூவாய்க்கு."

அந்தப் பேச்சு அப்புறம் எழவே இல்லை.

வழக்கம்போல் மூன்று தீர்மானம் எழுதப் போனார்கள். குடிநீரில் வாடை, நடவடிக்கை எடுக்கக் கோருதல். சாக்கடை அடைப்பு, நடவடிக்கை எடுக்கக் கோருதல். ஆக்கிரமிப்பு, நடவடிக்கை எடுக்கக் கோருதல். மூன்றும் மூன்று பிரிவுக்குப் போய் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடக்கும். ஒரே தீர்மானமாக எழுதுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். முதலில் படிகளை ஒதுக்கி வழிவிடுவது. பிறகு எந்திரத்தால் மட்டும் சாக்கடை அடைப்பு எடுப்பது. பிறகு வீட்டு இணைப்புக் குழாய்களை வாய்க்காலை விட்டு வெளியே மாற்றுவது. எல்லாம் முடிந்த பிறகு, பழைய சிமெண்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு ரோடு. கடைசியில் ஒரு வரி: குழாய் மாற்றும் பணி முடியும்முன் சாலைப் பணி தொடங்கக் கூடாது.

"ஒவ்வொண்ணுக்கும் நிதித் தலைப்பு வேறம்மா, ஒரே எஸ்டிமேட் போட முடியாது" என்றார் உதவிப் பொறியாளர்.

"எஸ்டிமேட் நாலா இருக்கட்டும் சார். வரிசை மட்டும் ஒண்ணா இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் நல்லவர். அவருக்கும் தோண்டின ரோட்டையே திரும்பத் தோண்டிச் சலித்துப் போயிருந்தது.

படிக்கு வீடு வீடாகப் போனேன். பெரியம்மா வீட்டில் பெரியப்பா பக்கவாதம் வந்து படுத்திருக்கிறவர். "ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிட்டு எறங்கணும் டீச்சரம்மா. படியை இடிச்சா எப்படி?" நியாயமான கேள்வி. முந்தின வருஷம் 108 வண்டி சந்து முனையிலேயே நின்றுவிட, ஸ்ட்ரெச்சரை முடுக்கில் திருப்ப முடியாமல் போர்வையில் வைத்துத் தூக்கிப்போனோம். அதே படிகள்தான் அன்றைக்கும் மறித்தன. அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியம்மாவே சொன்னார். அடுத்த சந்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி வந்து பார்த்து, சுவரோடு மடித்து வைக்கிற மாதிரி இரும்புப் படி செய்து கொடுத்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். பதினோரு வீட்டில் பத்து வீடு சம்மதித்தது. ஒரு வீடு இன்றுவரை அசையவில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிட்டதால் அந்த இடத்தில் ஐந்தடி மூன்று அங்குலம் கிடைத்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு மழை ஓய்ந்த காலையில் வண்டி உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை இடைவெளி. மூடியைத் திறந்து ஓரமாக வைத்துவிட்டு, ஹோஸை உள்ளே விட்டார்கள். பம்பு உறுமியது. கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமுவது மாதிரி ஒரு சத்தம் வந்து, தேங்கி நின்ற தண்ணீர் ஒரே மூச்சில் கீழே இறங்கியது. வெளியே வந்தது புடவைக் கிழிசல், நாப்கின், தேங்காய்ச் சிரட்டை, ஒரு குழந்தையின் ரப்பர் செருப்பு. மேற்பார்வையாளர் முழுநேரமும் குழியின் விளிம்பில் நின்றார். யாரும் இறங்கவில்லை.

தை மாதம் குழாய் மாற்றினார்கள். துருப்பிடித்ததை அறுத்து எடுத்துவிட்டு, வாய்க்காலுக்கு மேலே உறைக்குழாய் போட்டு அதற்குள் புதுப் பிளாஸ்டிக் குழாய். நான் மறுபடி மூன்று பாட்டில் பிடித்தேன். வெயிலில் வைத்துப் பார்த்தால் எது முதல், எது மூன்றாவது என்று தெரியவில்லை. தம்பி கடைசி வீட்டில் மருந்து விட்டான். கொஞ்சம் கொஞ்சமாக, எலுமிச்சைச் சாற்றை விட வெளிறலாக, மஞ்சள் வந்தது. பெரியம்மா அந்தச் சோதனைக் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ரோடுதான் பாக்கி. மார்ச் 31க்குள் பில் போட்டாக வேண்டும் என்று ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஜல்லியைக் கொண்டுவந்து கொட்டினார்கள், பழைய சிமெண்டின் மேலேயே நாலாவது அடுக்கு போட. தீர்மான நகலை எடுத்துக்கொண்டு போய்ச் சந்து முனையில் நின்றேன். பெரியம்மாவும் வந்து நின்றார். வெல்டிங் தம்பியும் வந்தான். சத்தம் போடவில்லை, ரோடு பற்றிய வரியை மட்டும் விரல் வைத்துக் காட்டினோம்: பழையதைப் பெயர்த்து எடுத்த பிறகு ரோடு. ஜல்லியை அள்ளிக்கொண்டு போனார்கள். பெயர்த்துப் போடுவதற்குப் புது எஸ்டிமேட் போயிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் வர வேண்டும் என்று வாரம் ஒரு முறை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மேலச் சந்திலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர். டேப்பை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை அங்கே தண்ணீர் முறை.