ரீவைண்ட் பையன்

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தபோது, 1986 தொடக்கத்தில், மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. திரும்பி வருகிற கேசட்டுகளை முன்பகுதிக்குச் சுற்றி வைக்க வேண்டும். ‘ரீவைண்ட் செய்யாவிட்டால் 50 காசு’ என்று கதவில் ஒட்டியிருந்தோம். யாரிடமும் வாங்கியதில்லை. அந்த 50 காசுக்கான வேலையைத்தான் நான் நாள் முழுக்கப் பார்த்தேன்.

இன்னொரு வேலை, வீடியோ பெட்டிக்குள் நாடாவைப் படிக்கிற ஹெட்டைத் துடைப்பது. ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தோல்துணியைப் பக்கவாட்டில் மட்டுமே நகர்த்த வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும், உன் மூன்று மாதச் சம்பளம் போய்விடும் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். ஹெட் பதிந்த உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். நாம் படத்தை நிறுத்தி வைத்தாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும், நாடாவின் அதே இடத்தைத் தேய்த்தபடி. இது எனக்கு அப்போது ஒரு தகவல் மட்டும்தான்.

பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். சித்திரையில் மாரியம்மன் திருவிழா, அதில் கலை இரவு, அதில் இவர்கள் மைக்கல் ஜாக்சனின் ‘திரில்லர்’ பாட்டுப் படத்தில் வரும் பேயாட்டத்தை ஆடப்போகிறார்கள். தலைவராக இருந்த அண்ணன் பால் வெட்டுகிறவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், தன் நிரை மரங்களை வெட்டி முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் மோட்டாரில் பட்டணத்துக்கு வருவார். தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு இஞ்சினை நிறுத்திவிடுவார்கள், அப்புறம் கரண்ட் இல்லை. வீடியோ பெட்டியும் யார் வீட்டிலும் கிடையாது. அதனால் கடையின் பின்னறையில், மூட்டை மூட்டையாகக் காலி கேசட் டப்பாக்களுக்கு நடுவில் நின்று பார்ப்பார்கள்.

எங்களிடம் இருந்தது, அந்தப் பதினான்கு நிமிடப் படமும் அதை எடுத்த கதையும் சேர்ந்த ஒரு மணி நேரக் கேசட். பிரதியின் பிரதி. (அந்தக் காலத்துக் கடைகளைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள்.) படம் 1983 டிசம்பரில் வெளியானது. ஜான் லாண்டிஸ் இயக்கினார், ஜாக்சனோடு சேர்ந்து நடனத்தை அமைத்தவர் மைக்கல் பீட்டர்ஸ். ‘பீட் இட்’ பாட்டுக்கும் அவர்தான். அதில் வெள்ளை உடையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கத்திச் சண்டைக்கு நிற்கும் கும்பல் தலைவன் அவரே. அண்ணனுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் இதை அமைத்தவன் மனிதர்கள் நடப்பதை உட்கார்ந்து பார்த்தவன் என்று அடித்துச் சொன்னார். பேய்கள் பேயாகவும் இருக்க வேண்டும், தாளமும் தப்பக்கூடாது. இரண்டில் ஒன்று கூடிவிட்டாலும் சிரிப்பு வந்துவிடும் இல்லையா?

எட்டு எட்டாக எண்ணினார்கள். எண்ணிக்கை மட்டும் போதவில்லை, ஒவ்வோர் அடிக்கும் பெயர் வைத்தார்கள். கைகளை நகம்போல் விரித்து இடமும் வலமும் வீசுவது ‘கோழி’. தோளை வெட்டுவது ‘காண்டா வாளி’, அதாவது தோள்கம்பில் தூக்கும் பால் வாளி, பாரம் தோள் மாறும்போது அப்படித்தான் தூக்கிப்போடுமாம். தலையைச் சட்டென்று பக்கத்தில் சாய்ப்பதற்கு தோட்டத்துக் கணக்கர், ஒரு கிராணியின் பெயர், அதை இங்கே எழுத முடியாது. “கோழி, கோழி, வாளி, கிராணி!” என்று பின்னறையிலிருந்து சத்தம் வரும். கேசட் எடுக்க வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ரீவைண்ட் செய்வேன். ஒரே மாலையில் நாற்பது முறைகூடச் செய்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் கோலாலம்பூரிலிருந்து அண்ணனின் சித்தப்பா மகன் வந்தான். அவன் அங்கே ஒரு குழுவில் இதே ஆட்டத்தைக் கற்றவன். எட்டாவது ஆளாகச் சேர்ந்த அன்றைக்கே ஒருவனின் உதடு கிழிந்தது. இவர்கள் ஏழு பேரும் இடப்பக்கம் போக, அவன் வலப்பக்கம் வந்து மோதினான். யார் தப்பு என்று பெரிய வாக்குவாதம். யோசித்தால் விஷயம் எளிது. டிவியில் ஆடுகிறவர் நம்மைப் பார்த்து ஆடுகிறார். அவருடைய வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரிகிறது, பார்த்து ஆடுகிறவன் இடக்கையைத் தூக்குகிறான். மூன்று வாரமாக ஆட்டம் முழுவதையும் தலைகீழாகக் கற்றிருக்கிறார்கள், ஒரு பிசிறில்லாமல்.

கோலாலம்பூர்த் தம்பியை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். நானும் அதைத்தான் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை.

“இல்ல தம்பி, மைக்கல் எப்படி ஆடுனானோ அப்படியே வரணும்.”

வழி சொன்னவர் பக்கத்துக் கடை பார்பர் மாமா. அவர் கடையில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. முதலாளி வீட்டுக்குப் போன பிறகு டிவியையும் பெட்டியையும் அங்கே தூக்கிப்போய், கண்ணாடியைப் பார்த்தபடி வைத்தேன். எட்டுப் பேரும் டிவிக்கு முதுகு காட்டி, கண்ணாடியைப் பார்த்து நின்றார்கள். இப்போது இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருந்தது. அதுமட்டுமா, கண்ணாடிக்குள் பேய்களும் அவர்களும் ஒன்றாகத் தெரிந்தார்கள். சுழல் நாற்காலியில் உட்கார்ந்து நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தானும் பீட்டர்ஸும் ஓர் அறையில் கண்ணாடி முன் முகத்தைக் கோணலாக்கிப் பார்த்துத்தான் பேய்களின் அசைவைக் கண்டுபிடித்ததாகப் பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் ஜாக்சன் சொன்னபோது, எனக்கு அந்த பார்பர் கடையின் பவுடர் வாசனைதான் வந்தது.

இன்று நான் கல்யாண வீடியோ தொகுத்துப் பிழைக்கிறேன். நொடிக்கு ஒரு வெட்டு வேண்டும் என்று கேட்கிறார்கள், நானும் போட்டுத் தருகிறேன். வெட்டினால் ஆடத் தெரியாதவரும் ஆடியதுபோல் இருக்கும். அந்தப் படத்தில் ஆட்டம் வரும் இடத்தில் பெரும்பாலும் தலையிலிருந்து கால் வரை தெரியும். கால் தெரிந்ததால்தான் தோட்டத்துப் பையன்களால் அதைத் திருட முடிந்தது.

திருவிழாவில் ஒரு சிக்கல். அம்மன் முன்னால் பேய் வேஷமா என்று பாட்டிமார் முணுமுணுக்க, சாமி கோயிலுக்குள் போன பிறகு பள்ளித் திடலில் ஆடுவது என்று முடிவானது. முகத்தில் மாவும் கரியும். ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள். கோழி வந்தபோது கைதட்டல் அடங்கவே இல்லை.

அந்தக் கேசட் கெட்டுவிட்டது. ஆட்டம் வரும் இடத்தில் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி, கோடு. நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் நாடா தேய்ந்திருந்தது. யார் செய்தது என்று முதலாளி கேட்டார், தெரியாது என்றேன். அந்தத் துண்டை வெட்டி ஒட்டச் சொன்னார். நாடா நொடிக்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நகரும். ஒரு நிமிட ஆட்டம் ஒன்றரை மீட்டர்கூட வராது. வெட்டி, ஒட்டி, அலமாரியில் வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்காக அதை வாடகைக்கு எடுத்தார். மறுநாளே வந்துவிட்டார்.

“தம்பி, பேயெல்லாம் எழுந்து வருது. ஆட்டத்தக் காணோமே?”

“வெட்டிட்டேன் அண்ணே.”

லாச்சியில், மேசை இழுப்பறையில், சுருட்டி வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து விரித்தார். இரு கை விரித்த நீளம், ஒரு பாகம்கூட வரவில்லை. கைகள் முழுதாக விரிவதற்குள் நாடா இழுத்துப் பிடித்தது.

“இவ்வளவுதானா?” என்றார்.