கிறவல் றோட்டில் மொறிஸ் மைனர்

பழைய மொறிஸ் மைனர் கார் வாங்க வருகிறவர்கள் முதல் வேலையாகப் போனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பார்கள். குனிந்து முன்சில்லுக்குப் பின்னால் பார்ப்பவர் குறைவு. 803, 948, 1098 சீசீ எதுவென்றாலும் எஞ்சின் நின்றால் வண்டி றோட்டோரம் நிற்கும், அவ்வளவுதான். முன்சில்லு மடிந்தால் கதை வேறு.

சில்லைத் தாங்கித் திரும்புகிற கிங்பின்னின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் புரி வெட்டியிருக்கும். அதில் திருகி நிற்பது ட்றனியன். ஸ்ரேறிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் புரிக்குள் புரி சுழலும், முன்பாரம் இறங்குவது கீழ்ப் புரியில். கிறீஸ் காய்ந்த இடத்துக்குள் வன்னித் தூசி போனால் அது வால்வ் அரைக்கிற பசைக்குச் சமன். தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் புரி கழரும், சில்லு மட்காட்டுக்குள் மடிந்து படுக்கும். அனேகமாகப் படலைக்குள் முழுக்க ஒடித்துத் திருப்பும்போதுதான் இது நடக்கும். அந்த மட்டில் அதிர்ஷ்டம். ஏ9 வீதியில் வேகமாகப் போகும்போது நடக்காது என்று யாரும் எழுதித் தரவில்லை.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஜக்கைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்துச் சில்லைத் தரையிலிருந்து எடுங்கள். சட்டம் துருப்பிடித்திருந்தால் பலகை ஒன்றை இடையில் வையுங்கள். சில்லின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மற்றவரை பிறேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயறிங். மிதித்த பிறகும் கீழே டக் டக் என்றால் ட்றனியன். மாற்றும்போது கிங்பின்னையும் சேர்த்து மாற்றவேண்டும், தேய்ந்த புரியில் புதுச் சாமானைத் திருகுவது காசைக் கிணற்றில் போடுகிற வேலை. இந்தச் சாமான்களைத் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தை வரை போகவேண்டி வரலாம்.

கிறீஸ் நிப்பிள் ஒரு பக்கத்துக்கு மேலொன்று, கீழொன்று. பழைய கைநூலில் 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடி என்று இருக்கும், அது தார் றோட்டுக்கு எழுதியது. உள்வீதிக் கிறவலில் ஓடுகிற வண்டிக்கு 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை அடிக்கவேண்டும். சில்லைத் தொங்கவிட்டு, பாரம் இல்லாத நேரத்தில் அடிக்கவேண்டும், அப்போதுதான் தேய்கிற பக்கத்துக்கும் கிறீஸ் போகும். அதற்கு முன் நிப்பிளைத் துணியால் துடையுங்கள். துடைக்காமல் அடித்தால் தூசியை நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள். கறுப்புக் கிறீஸ் வெளியே பிதுங்கிப் புதுநிறம் தெரியும்வரை அடியுங்கள். கிறீஸ் போகவே மறுத்தால் நிப்பிள் அடைத்திருக்கிறது. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் மாற்றுங்கள்.

மண்ணெண்ணெய் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைபட்ட காலத்தில் இங்கே நின்ற கார்கள் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடியவை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டி வழிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். டிப்ஸ்ரிக்கில் ஒயில் குறையாமல் கூடிக்கொண்டு போகும்! அப்படி ஓடிய எஞ்சினைக் கம்பிறஷன் (சிலிண்டருக்குள் அமுக்கம்) பார்க்காமல் எடுக்கவேண்டாம். அளவு குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் றிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வ்.

வால்வ் இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.012 அங்குலம். எட்டு வால்வுக்கும் ஒரே கணக்கு, திறந்து நிற்கிற வால்வின் எண்ணையும் பார்க்கிற வால்வின் எண்ணையும் கூட்டினால் ஒன்பது: எட்டாவது முழுக்கத் திறந்து நிற்கும்போது முதலாவதைப் பாருங்கள், ஆறாவது திறந்து நிற்கும்போது மூன்றாவதை. டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025. ஈயமில்லாத பெற்றோலில் எக்சோஸ்ற் வால்வின் இருக்கை மெல்லமெல்ல அமிழும், இடைவெளி குறுகும். அதனால் வால்வின் டிக் டிக் சத்தம் நின்றுவிட்டது என்று சந்தோசப்படவேண்டாம்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மத்தியான வெயிலுக்குள் எஞ்சின் நிற்கும், அரை மணித்தியாலம் விட்டால் மறுபடி பிடிக்கும். இதற்குக் காரணம் இரண்டு, இரண்டுக்கும் ஒரே குணம். பிரித்தறிய நின்ற உடனேயே பார்க்கவேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சினில் தொடவைத்துச் சுற்றுங்கள். பொறி இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்திருந்தால் கொண்டென்சர் அல்லது கொயில். இப்போது வருகிற மலிவுக் கொண்டென்சர்கள் சூட்டில் கைவிடும், பழைய நல்லதொன்று கிடைத்தால் எறியாதீர்கள். நீலப்பொறி வந்தால் சந்தேகம் பெற்றோல் பக்கம். சாவியைப் போட்டுவிட்டு எஸ்யூ பெற்றோல் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். நாலைந்து தட்டுத் தட்டி நின்றால் சரி. நிற்காமல் தட்டினால் குழாய்க்குள் ஆவி, அல்லது ராங்கியில் பெற்றோல் இல்லை. ஈரத்துணியைப் பம்பிலும் குழாயிலும் போடுங்கள். தட்டவே இல்லையென்றால் பம்பின் பொயின்ற் கரிந்திருக்கும்.

றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணி விடவேண்டாம். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளை அங்கேயும் படியும். மாரியில் பீலித் தண்ணியைப் பிடித்து வையுங்கள், ஐந்தரை லீற்றர்தான் கொள்ளும்.

பற்றறி கழற்றிப் போட்ட வண்டியென்றால் எந்த முனை பொடியில் (காரின் இரும்பு உடம்பில்) பூட்டியிருந்தது என்று பாருங்கள். இந்த வண்டிகள் நேர்முனையைப் பொடிக்குக் கொடுத்து வந்தவை, சிலதைப் பின்னர் மாற்றியிருப்பார்கள். யோசிக்காமல் போன் சார்ஜர் பூட்டினால் புகைதான் வரும்.

மரச்சட்டம் வைத்த ட்றவலர் (மைனரின் ஸ்ரேஷன் வாகன் வகை) கிடைத்தால் கூடுதல் கவனம். அந்த மரம் அழகுக்கு அல்ல, பின்பக்கத்தைத் தாங்குவதே அதுதான். இங்கே வளவுக்குள் ஒரு மாரி நின்றால் கறையான் ஏறிவிடும், வெளியே வார்னிஷ் மட்டும் பளபளக்கும். ஸ்குறூ டிறைவரால் மரத்தின் அடிப்பக்கத்தைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விலை கேட்கவேண்டாம்.