வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த துணி

நவம்பர் 3, 2024, ஞாயிறு. கோத்தகிரி

தீபாவளிக்கு வீடு ஒதுக்கியபோது கட்டிப் போட்ட மூட்டையை இன்றுதான் பிரித்தேன். இரண்டு பெட்ஷீட், ஒரு ஜோடி ஜன்னல் திரை, ஓரம் பிய்ந்த டவல்கள். எல்லாம் பிடிதுணிக்கென்று ஒதுக்கியவை. இவற்றிலிருந்து உடுத்தும் துணி தைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. தைக்கத் தெரியாது. ஆனால் பாட்டியின் மிஷின் இருக்கிறது.

1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது பாட்டி மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தது இந்த மிஷினின் தலையைத்தான். இரும்புக் கால் இங்கே வந்தபிறகு வாங்கியது.

நவம்பர் 4

மிஷினைச் சுத்தம் செய்யவே முழு மாலையும் போனது. துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் பஞ்சு திரண்டு கெட்டியாகக் கிடந்தது. ஊசியால் கிளறி எடுத்தேன். தோல் பெல்ட் தளர்ந்திருந்தது. கால் இஞ்ச் வெட்டி மறுபடி கொக்கி மாட்டியதும் சக்கரம் பிடித்துக்கொண்டது. எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் பழைய துணியில் ஓட்டினேன். முதல் பத்து நிமிஷம் துணியெல்லாம் கறுப்புக் கறை, அப்புறம் சுத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து வந்து பேசாமல் நின்றாள்.

நவம்பர் 7

கீழ் வீட்டு டெய்லர் அக்காவிடம் பூப்போட்ட பெட்ஷீட்டைக் கொண்டுபோனேன். டேப்பை எடுப்பார் என்று பார்த்தால், துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார்.

"வெளிச்சத்துல புடிச்சுப் பாரு கண்ணு. எங்கெல்லாம் வெளுப்பா தெரியுதோ அங்கெல்லாம் கத்திரி வைக்காதே."

பார்த்தேன். நடுவில், தோளும் இடுப்பும் படும் இடத்தில், துணி கொசுவலை மாதிரி மெலிந்திருந்தது. மெத்தைக்கு அடியில் செருகிய இரண்டு ஓரமும் அப்படியே புதுசு. 90க்கு 100 இஞ்ச் ஷீட்டில் நடுவே 36 இஞ்ச் கழிந்தாலும் பக்கத்துக்கு 27 இஞ்ச் அகலம் மிஞ்சுகிறது. ஒரு ஆள் பைஜாமாவின் ஒரு கால் அதில் வந்துவிடும்.

ஜன்னல் திரை என்னை ஏமாற்றிவிட்டது. பார்க்கப் பளிச்சென்று இருந்ததால் அதைத்தான் பெரிதாக நம்பியிருந்தேன். அக்கா இரண்டு கட்டைவிரலையும் வைத்து லேசாக இழுத்தார், காகிதம் மாதிரி கிழிந்தது. வருஷக்கணக்கில் வெயில் பட்ட பருத்தி இற்றுப்போகும் என்றார். அது பிடிதுணிக்கே போகட்டும்.

நவம்பர் 10

துவைத்துப் போட்டு மூன்று நாள். மழையும் மூடுபனியும் விட்டபாடில்லை. கும்முட்டி அடுப்பின்மேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் விரித்தேன். லேசாகப் புகை வாசம், அது எனக்குப் பிடிக்கும்.

புதுத் துணி என்றால் முதல் துவைப்பில் சுருங்கும், அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும். இது நூறு தடவை துவைத்த துணி. சுருங்க வேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கி முடிந்தது.

நேராக வெட்ட அக்கா சொன்ன வழி: ஓரத்தில் ஒரு இழையைப் பிடித்து மெல்ல உருவ வேண்டும். இழை போன தடம் கோடு மாதிரி தெரியும், அதன்மேல் கத்திரி. உருவும்போது ஊட்டியில் பார்த்த தோடர் பெண்மணி ஒருவர் நினைவுக்கு வந்தார். சட்டமும் இல்லை, வரைந்த கோடும் இல்லை. இழையை எண்ணி எண்ணியே கறுப்பு, சிவப்பு நூலில் பூ எழுப்பிக்கொண்டிருந்தார். 2013இல் அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்று அவர் விரலைப் பார்த்தேன். இன்றுதான் அந்த எண்ணிக்கையின் அருமை புரிகிறது.

நவம்பர் 12

வெட்டினேன். தப்பாக வெட்டினேன்.

ஷீட்டின் இரண்டு முனையிலும் ஏற்கெனவே மடித்து அடித்த ஓரம் இருக்கிறது. அதையே கணுக்காலில் வைத்தால் அந்த வேலை மிச்சம். அதனால் ஒரு பக்கத்து நீளத் துண்டில், அளவுக் காகிதத்தை இந்த முனையில் ஒருமுறை, தலைகீழாகத் திருப்பி அந்த முனையில் ஒருமுறை வைத்து வரைந்தேன். திருப்பியதால் ஒன்று இடது, ஒன்று வலது என்று நினைத்தேன். காகிதத்தைச் சுற்றித் திருப்பினால் கால் மாறாது, குப்புறப் போட்டால்தான் மாறும். இரண்டும் வலது கால். அச்சடித்த துணி, உள்பக்கம் வெளுத்துக் கிடக்கிறது, புரட்டிப் போடவும் முடியாது.

இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 13

அக்கா இரண்டு காலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். "அந்தப் பக்கத்துத் துணி இருக்கில்ல? அதுல காகிதத்தக் குப்புறப் போட்டு ரெண்டு எடது கால் வெட்டு. ரெண்டு பைஜாமா ஆச்சு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு அம்மாவுக்கு."

அப்படியே வெட்டினேன். ஒரு சாண் துணிகூட வீணாகவில்லை.

நவம்பர் 17

தையல் விட்டு விட்டு விழுந்தது. நூல் இறுக்கத்தைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் ஊசியைக் கழற்றினேன். ஈரக்காற்றில் முனை துருப்பிடித்திருந்தது. புது 14ஆம் நம்பர் ஊசி போட்டதும் சீராக ஓடியது. இனி ஊசியை எண்ணெய்த் துணியில் சுற்றித்தான் வைப்பேன்.

ஓவர்லாக் கிடையாது. பிசிறு ஓரத்தை மடித்து, மேலே இன்னொரு தையல். கவட்டையில் மட்டும் மூன்று தையல், உட்காரும்போது இழுபடும் இடம் அது. என் இடுப்பு 32, எலாஸ்டிக் 30.

நவம்பர் 21

இரண்டும் முடிந்தன. அம்மா உடனே மாட்டிக்கொண்டு தேயிலைப் பாத்தி வரை நடந்துவிட்டு வந்தாள்.

நவம்பர் 24

அடுத்தது கட்டம்போட்ட சென்னிமலை ஷீட். நெசவிலேயே கட்டம் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கால் மாறினால் புரட்டிக்கொள்ளலாம். இதில் ஒரு சட்டை.

ஜன்னலில் பிடித்தேன். நடுவில் அதே மெலிவு. ஆனால் அந்த மெலிவுக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் வெளிச்சத்தை விடாமல் இருண்டு நின்றது. கிட்டே கொண்டுவந்து பார்த்தேன். கிழிசல் ஒன்றைப் பாவுக்கும் ஊடைக்கும் இழையிழையாக நூல் ஓட்டி அடைத்திருக்கிறது. நீலக் கட்டம் வரும் இடத்தில் நீல நூல், வெள்ளையில் வெள்ளை. "உன் பாட்டிதான்" என்றாள் அம்மா.

அந்தத் துண்டைச் சுற்றி முதலில் வெட்டி எடுத்துவிட்டேன். சட்டைப் பைக்குச் சரியான அளவு.