பிளேக்கின் பக்கங்களைப் படித்த விதம்: எம்.ஏ. வாய்மொழித் தேர்விலிருந்து நெட் வரை

எம்.ஏ. ஆங்கில இலக்கியத்தின் கடைசிப் பருவம். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒரு நகல் தாளை என் பக்கம் தள்ளினார். எழுத்து இருந்த பகுதியை வெள்ளைத் தாளால் மறைத்திருந்தார். மேலே இருந்த படம் மட்டும் தெரிந்தது. ஊன்றுகோலோடு கூன் விழுந்த ஒரு தாடிக்கிழவர், அவருக்கு வழிகாட்டிச் செல்லும் ஒரு சிறு பிள்ளை. "இது எந்தப் பாட்டு?" என்று கேட்டார்.

அந்தப் பருவத்தில் கிரேக்க நாடகமும் எங்களுக்குப் பாடம். கண்ணிழந்த அரசன் இடிபஸை மகள் ஆன்டிகனி வழிநடத்திப் போவது அதில் வரும். கொஞ்சமும் தயங்காமல் "இடிபஸும் ஆன்டிகனியும்" என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை; அதுதான் இன்னும் கொடுமை. வெள்ளைத் தாளை மெதுவாக எடுத்தார். கீழே ஆங்கிலக் கவிஞரும் செதுக்குக் கலைஞருமான வில்லியம் பிளேக்கின் 'லண்டன்'. அதன் 16 வரிகளும் எனக்கு மனப்பாடம். எதுகை அமைப்பு தெரியும், 'மனம் வார்த்த விலங்குகள்' என்ற தொடருக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதுவேன். அந்தப் பாட்டுக்கு மேலே ஒரு கிழவர் நடந்துகொண்டிருக்கிறார் என்பதுதான் தெரியாது. நான் படித்த வழிகாட்டி நூலில் அவர் இல்லை. பாட்டின் வரிகளிலும் அவர் இல்லை.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வை இரண்டாவது முறை எழுதித்தான் தேறினேன். உதவித்தொகைக்கான மதிப்பெண் வரவில்லை, உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் கிடைத்தது. அந்த இடைவெளியில் பிளேக்கை முதலிலிருந்து படித்தேன். இந்தப் பாடத்தை எடுக்கும் எம்.ஏ. மாணவர்களுக்கும் நெட் எழுதுபவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் படித்த விதத்தைச் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெட் இரண்டாம் தாளின் 100 கேள்விகளில் பிளேக்குக்கு ஒன்றோ இரண்டோ வரும், வராமலும் போகும். மதிப்பெண் கணக்குப் பார்த்து அவருக்கு ஒரு மாதம் ஒதுக்க வேண்டியதில்லை.

நான் அச்சு முறையிலிருந்து தொடங்கினேன். பெரும்பாலோர் அதைக் கடைசியில் ஒரு பத்தியாக வைத்துக்கொள்கிறார்கள். என் தாய்மாமா கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தில் நெடுங்காலம் அச்சுக் கோத்தவர். 'ரிலீஃப் எட்சிங்' என்ற சொல் எனக்குப் பிடிபடாமல் அவரிடம் போனேன். சொல்லை விட்டுவிட்டு நடப்பதைச் சொன்னேன். செப்புத் தகட்டின் மேல் திராவகம் அரிக்காத ஒரு வார்னிஷால் எழுதி வரைகிறார். பிறகு திராவகம் ஊற்றுகிறார். எழுதாத இடம் அரித்துப் பள்ளமாகிறது. எழுதிய இடம் மேடாக நிற்கிறது. மேட்டில் மை தடவி அச்சடிக்கிறார். மாமா உடனே, "இது துத்தநாக பிளாக் மாதிரிதானே. பிள்ளையார் படத்துக்கு நாங்கள் பிளாக் எடுத்து வருவோமே, அதிலும் திராவகம்தான், மேடுதான். புகைப்படம் ஒன்றுதான் அதிகம்" என்றார். பிளேக் 1788 வாக்கில் தொடங்கிய வேலையின் தூரத்து உறவினர் எங்கள் ஊர் அச்சகத்திலும் இருந்திருக்கிறார்.

மேடு, பள்ளம் என்ற இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும். பிளேக் 1772இல், 14 வயதில், ஜேம்ஸ் பசயர் என்ற செதுக்குக் கலைஞரிடம் ஏழாண்டு தொழில் பழகச் சேர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கல்லறைச் சிலைகளைப் பார்த்து வரைந்துவர அனுப்பப்பட்டதும் அப்போதுதான். பசயரிடம் அவர் கற்றது பள்ளத்தில் மை நிற்கும் முறை. செம்பில் கோடு கீறி, அதில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்துக் கனமாக அழுத்துவார்கள். வாழ்நாள் முழுக்க அவருக்குச் சோறு போட்டது இந்த வேலை. மேட்டில் மை தடவும் முறை அவராகக் கண்டுகொண்டது. 1787இல் இறந்த தம்பி ராபர்ட் கனவுக்காட்சியாக வந்து அதைச் சொல்லிக்கொடுத்தார் என்று பிளேக் கூறியதாகச் சொல்வார்கள். இதை விடையில் எழுதலாம், ஆனால் 'கூறியதாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.

ஏன் இவ்வளவு பாடு? வழக்கமான புத்தகத்தில் எழுத்து ஈய அச்சில் ஓர் இடத்தில் அடிபடும். படம் செப்புத் தகட்டில் வேறோர் எந்திரத்தில் அடிபடும். இரண்டு வேலை, இரண்டு கூலி, நடுவில் ஒரு பதிப்பாளர். பிளேக்கின் தகட்டில் எழுத்தும் படமும் ஒரே கையால், ஒரே மையில் வருகின்றன. வீட்டிலேயே அச்சடித்து, அவரும் மனைவி கேத்தரினும் நீர்வண்ணம் தீட்டினார்கள். 1782இல் திருமணப் பதிவேட்டில் பெயர் எழுதத் தெரியாமல் பெருக்கல் குறி போட்ட பெண் அவர். பிறகு அச்சடிக்கவும் வண்ணம் தீட்டவும் கற்றுக்கொண்டார். 1793 அக்டோபரில் பிளேக் வெளியிட்ட விலைப்பட்டியலில் 'சாங்ஸ் ஆஃப் இன்னொசன்ஸ்' என்ற பாடல் நூல் ஐந்து ஷில்லிங். பதிப்பாளர் தயவில்லாமல் வாழ்ந்துவிடலாம் என்ற கணக்கு. அது பலிக்கவில்லை என்பது வேறு கதை.

எழுத்தைத் தகட்டில் இடவலம் மாற்றி எழுத வேண்டும் என்பதை நான் படித்துக் கடந்துபோயிருந்தேன். மாமா கடந்துபோக விடவில்லை. ஓர் அழிப்பான் ரப்பரையும் பிளேடையும் கொடுத்து என் பெயரை மேடாக வெட்டச் சொன்னார். மூன்று எழுத்துக்கு அரை மணி நேரம் ஆனது, அதிலும் ஒன்று தலைகீழ். முயன்று பாருங்கள். 'இன்னொசன்ஸ்' தகடுகள் உள்ளங்கை அளவுதான், உயரம் 11, 12 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதில் இருபது வரிப் பாட்டு, அதைச் சுற்றிக் கொடி, கொடியில் பறவை, அடியில் மனிதர்கள், எல்லாம் கண்ணாடிப் பிம்பமாக. மாமா கணினித் திரையில் ஒரு பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, வரி முடிந்து மீதமிருக்கும் இடத்தில் எழுத்தின் வால் நீண்டு கொடியாக மாறுவதைக் காட்டினார். "நான் இந்த இடத்துக்கு வெற்று ஈயம் வைத்து அடைப்பேன். இந்த மனிதர் இலை வைத்து அடைத்திருக்கிறார்" என்றார். பிளேக் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு சரியான வாக்கியம் இல்லை.

அடுத்தது, பக்கங்களைப் பார்ப்பது. வில்லியம் பிளேக் ஆவணக் காப்பகம் 1996 முதல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒரே தகட்டின் வெவ்வேறு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வசதி அதில் உண்டு. இதில் ஒரு மணி நேரம் செலவிட்டால் வழிகாட்டி நூலில் ஒரு வாரம் மிச்சமாகும். நான் தொடங்கியது 'தி டைகர்' பாட்டிலிருந்து. பாட்டில் இரவுக்காட்டில் எரியும் பயங்கரம். கீழே படத்தில் நிற்பதோ வீட்டுப் பூனைக்கு அண்ணன் போன்ற ஒரு பிராணி. ஒரு பிரதியில் லேசாகச் சிரிப்பதுபோல் இருக்கிறது, இன்னொன்றில் முகம் கடுகடுக்கிறது, வண்ணமும் மாறுகிறது. பிளேக்குக்குப் புலி வரையத் தெரியாது என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. பயம் கேட்பவனின் கேள்விகளில்தான் இருக்கிறது, மிருகத்தில் இல்லை என்று படம் பாட்டை மறுத்துப் பேசுவதாக நான் எழுதினேன். நீங்கள் வேறு மாதிரி எழுதலாம். படத்தைப் பார்க்காமல் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பழக்கமான முறை இது. முதலில் படத்தை மட்டும் பார்த்து, தெரிவதை நான்கு வரியில் எழுதுவேன். பிறகு பாட்டைப் படித்து, படத்தில் இருந்து பாட்டில் இல்லாததையும், பாட்டில் இருந்து படத்தில் இல்லாததையும் குறித்துக்கொள்வேன். 'லண்டன்' பக்கத்தில் கிழவரும் பிள்ளையும் போக, வலப்பக்கம் ஒரு சிறுவன் தெருவில் நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறான். அவனும் பாட்டில் இல்லை. பாட்டில் விலங்கும் சாபமும் அழுகையும் காதில் விழுகின்றன, படத்தில் ஒருவர் இன்னொருவருக்கு வழிகாட்டுகிறார். அதே கிழவரும் பிள்ளையும் பல ஆண்டு கழித்து 'ஜெருசலேம்' என்ற அவருடைய நெடுங்கவிதை நூலின் 84ஆம் தகட்டில் மறுபடி நடந்து வருகிறார்கள். இந்த ஒரு செய்தி என் எழுத்துத் தேர்வு விடையைக் காப்பாற்றியது.

அந்தப் பாட்டுக்கு இன்னொரு பொக்கிஷம் பிளேக்கின் கையெழுத்துக் குறிப்பேடு. தம்பி ராபர்ட்டினுடையதாக இருந்து இவர் கைக்கு வந்தது. 1847இல் கவிஞரும் ஓவியருமான ரோசெட்டி பத்து ஷில்லிங்குக்கு வாங்கினார், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் 'லண்டன்' முதலில் 'அழுக்குத் தெரு', 'அழுக்குத் தேம்ஸ்' என்றுதான் தொடங்குகிறது. பிறகு அழுக்கை அடித்துவிட்டு 'சார்ட்டர்ட்', அதாவது சாசனம் எழுதிக் கொடுக்கப்பட்ட, என்று மாற்றியிருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி சாசனத்தின் பேரில் வியாபாரம் செய்த காலம் அது. அழுக்கைக் கழுவிவிடலாம், சாசனத்தை என்ன செய்வது? ஒரு சொல் மாற்றத்தை வைத்து இரண்டு பக்கம் எழுதலாம்.

ஆண்டுகளைப் பொறுத்தவரை, தவறு நேரும் இடங்களை மட்டும் சொல்கிறேன். 'இன்னொசன்ஸ்' தனியாக 1789. 'எக்ஸ்பீரியன்ஸ்' சேர்ந்த கூட்டு நூல் 1794. அந்த நூலில் மொத்தம் 54 தகடுகள். செம்பு விலையை மிச்சம் பிடிக்க, 'இன்னொசன்ஸ்' தகடுகளின் முதுகிலேயே 'எக்ஸ்பீரியன்ஸ்' பாடல்கள் பலவற்றை அரித்திருக்கிறார். களங்கமின்மை, அனுபவம் என்ற இரண்டு மனநிலைகளும் ஒரே உலோகத்தின் இரண்டு பக்கங்கள் என்று உவமையாக எழுதினால் அது உவமை மட்டும் அல்ல. 1783இல் வந்த 'பொயட்டிக்கல் ஸ்கெட்சஸ்' வழக்கமான ஈய எழுத்தில் அச்சானது. அதை ஒளியூட்டிய நூல்களோடு, அதாவது எழுத்தும் படமும் ஒரே தகட்டில் வந்த நூல்களோடு, சேர்த்துவிடக் கூடாது. 'மில்டன்', 'ஜெருசலேம்' இரண்டின் முகப்பிலும் 1804 என்று இருக்கும், வேலை முடிந்ததோ வெகுகாலம் கழித்து. தேவாலயங்களில் பாடும் 'ஜெருசலேம்' பாட்டு 'ஜெருசலேம்' நூலில் இல்லை. அது 'மில்டன்' முன்னுரையில் வருவது, ஹியூபர்ட் பாரி இசையமைத்தது 1916இல். 'மில்டன்' நூலுக்கு இருப்பதே நான்கு பிரதிகள், அந்த முன்னுரை இரண்டில்தான் இருக்கிறது. நான் முதல்முறை விழுந்த குழி இதுதான்.

பைபிளின் யோபு கதைக்கு வரைந்த 'புக் ஆஃப் ஜோப்' படங்களைத் தனியாகப் படியுங்கள். முகப்பும் 21 தகடுகளுமாக 1826இல் வெளியான அவை ஒளியூட்டிய அச்சு அல்ல, பசயரிடம் கற்ற பழைய கோட்டுச் செதுக்கல். ஜான் லின்னெல் என்ற இளைய ஓவியர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னார். கூலிக்குச் செய்தவற்றில் ஸ்டெட்மனின் சுரினாம் பயண நூலுக்கான தகடுகளை (1796) விட்டுவிடாதீர்கள். அடிமைகளைக் கட்டித் தொங்கவிட்ட காட்சிகளைச் செம்பில் கீறிய கைதான் அடிமைத்தனத்தைச் சாடும் 'விஷன்ஸ் ஆஃப் தி டாட்டர்ஸ் ஆஃப் ஆல்பியன்' எழுதியது. மரத்தில் செதுக்கிய வேலையாகத் தார்ன்டனின் வர்ஜில் பாடநூலுக்கு (1821) 17 சிறு படங்கள் உண்டு. அவற்றை ரசித்துப் பார்ப்பது வேறு, தேர்வுக்குப் படிப்பது வேறு. எண்ணிக்கையும் ஆண்டும் தெரிந்தால் போதும்.

இன்னொரு பொறி, கையில் கவராயத்தோடு குனியும் தாடிக்கார உருவம். சுவரொட்டிகளில் கடவுளாக மாட்டப்படுகிறது. அது 'யூரோப்' நூலின் (1794) முகப்புப் படம். பிளேக்கின் உலகில் அளவு எடுப்பவர், கட்டம் போடுபவர் யூரிஸன். போற்றப்படும் தெய்வம் அல்ல அவர். 1795இன் 'நியூட்டன்' வண்ண அச்சிலும் அதே குனிவு, அதே கவராயம் இருப்பதை ஒப்பிட்டு எழுதினால் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

விமரிசகர்களில் நார்த்ரப் ஃப்ரை (1947), எர்ட்மன் (1954) பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் கூடுதலாகப் பிடித்துக்கொண்டது ஜோசப் விஸ்கோமியின் ஆய்வு (1993). பிளேக் ஒவ்வொரு பிரதியையும் கேட்பவருக்காகத் தனித்தனியே அச்சடித்தார் என்ற பழைய நம்பிக்கையை அது அசைத்தது. பல பிரதிகளைச் சிறு தொகுதிகளாக ஒரே சமயத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டார் என்பது விஸ்கோமியின் வாதம். மாமாவிடம் சொன்னேன். "பின்னே? ஒரு பிரதிக்காக யாராவது மை கரைப்பார்களா?" என்று கேட்டார்.

நூறு தகடுகள் கொண்ட 'ஜெருசலேம்' நூலைத் தேர்வுக்கு முன் முழுதாகப் படிக்க முயல வேண்டாம். நான் இன்னும் முடிக்கவில்லை. ஆனால் ஒரு தகட்டை மட்டும் பாருங்கள். பிரதியைப் பொறுத்து அது 37ஆவதாகவும் இருக்கும், 41ஆவதாகவும் இருக்கும். ஒரு பெரிய உருவம் தலையை முழங்காலில் புதைத்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் சிறிய உருவம் ஒன்று சுருளில் ஏதோ எழுதி வைத்திருக்கிறது. அந்த எழுத்து இடவலம் மாறிக் கிடக்கும், நேராகப் படிக்க முடியாது. புத்தகம் முழுவதையும் இடவலம் மாற்றி எழுதிய மனிதர், அந்தச் சில வரிகளை மட்டும் செம்பில் சாதாரணமாக, நாம் எழுதுவதுபோல எழுதியிருக்கிறார். நான் அதைப் படித்தது அம்மாவின் முகம்பார்க்கும் கண்ணாடியை மடிக்கணினித் திரைக்கு எதிரே பிடித்துக்கொண்டு.